ஹை நூன் கடிகாரம் பொய் சொல்கிறதா?

சும்மாபார்த்தவன்
பிப்ரவரி 4, இரவு 10:12

ஹை நூன் (1952) பற்றி எங்கே படித்தாலும் ஒரே வரிதான்: "படம் ஓடும் நேரமும் கதை நடக்கும் நேரமும் ஒன்றே." ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தால் கணக்கு உதைக்கிறது. தொடக்கத்தில் கடிகாரம் பத்தரையைக் கொஞ்சம் தாண்டி நிற்கிறது. வில்லன் ஃபிராங்க் மில்லர் வரும் ரயில் பன்னிரண்டுக்கு. அதற்குப் பிறகு சண்டை வேறு இருக்கிறது. படமோ 85 நிமிடம்தான் என்கிறார்கள். கையில் இருக்கும் டிவிடி அதுவும் இல்லை, 81 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. யாராவது வெட்டிவிட்டார்களா, இல்லை அந்த வரியே கட்டுக்கதையா?

ரீல்பெட்டி
பிப்ரவரி 4, இரவு 11:05

இது இரண்டு தனிச் சிக்கல். சின்னதை முதலில் முடிப்போம்.

81 நிமிடம் என்றால் அது பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறைக்கான டிவிடி. படம் எடுத்தது வினாடிக்கு 24 ஃப்ரேம். பால் தொலைக்காட்சி வினாடிக்கு 25 கேட்கும். கூடுதல் ஃப்ரேமுக்கு எங்கே போவது? படத்தையே வேகமாக ஓட்டிவிடுவார்கள். 85-ஐ 24-ஆல் பெருக்கி 25-ஆல் வகுத்தால் 81.6. ஒரு ஃப்ரேம்கூட வெட்டுப்படவில்லை. நிமிடத்துக்கு இரண்டரை வினாடி விழுங்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

உறுதி செய்ய: கணினியில் போட்டு பிளேயரின் தகவல் பக்கத்தைத் திறங்கள். 25 என்று இருந்தால் பால். 23.976 என்றோ 29.97 என்றோ இருந்தால் வேகம் சரி. பார்க்காமலே கண்டுபிடிக்கவும் வழி உண்டு. வேகத்தோடு சுருதியும் ஏறும், கிட்டத்தட்ட அரைக் கட்டை. டெக்ஸ் ரிட்டரின் குரல் கனத்த குரல். டைட்டில் பாட்டில் அவர் இளைத்துப்போன மாதிரி ஒலித்தால் சந்தேகப்படலாம். சில பதிப்புகளில் வேகத்தை ஏற்றிவிட்டு சுருதியை மட்டும் கீழே இறக்கியிருப்பார்கள், அங்கே காது ஏமாறும்.

கத்தரி
பிப்ரவரி 5, காலை 7:40

பெரிய சிக்கலுக்கு வருவோம். "நேரம் ஒன்றே" என்பது தப்பு. ஆனால் அப்பட்டமான பொய்யும் இல்லை.

பத்தரைக்குச் சற்றுப் பிந்தித் தொடங்கி பன்னிரண்டு வரை, கதைக் கணக்கில் 85 நிமிடம் அளவுக்கு ஆகிறது. ரயில் ஊதுவது படத்தின் எழுபதாவது நிமிடம் சுமாருக்கு. அதாவது கதையின் ஒன்றரை மணி நேரத்தில் கால் மணி நேரத்தைக் கத்தரி தின்றிருக்கிறது. பன்னிரண்டுக்குப் பிறகு வரும் துப்பாக்கிச் சண்டைதான் உண்மையான நேரத்தில் ஓடும் பகுதி. வேடிக்கை என்னவென்றால் அங்கே யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை.

எங்கே தின்றது? வெட்டு விழும் இடங்களில். ஊர்க் காவலனான மார்ஷல் கேன் (கேரி கூப்பர்) உதவி கேட்டு அலைகிறான். ஒரு வீட்டு வாசலை விட்டு நகர்கிறான், ரயில் நிலையத்தில் மில்லரின் ஆட்கள் மூன்று பேரும் காத்திருப்பதைக் காட்டுகிறார்கள், அடுத்து கேன் இன்னொரு வாசலில் நிற்கிறான். நடுவில் நடந்த நடை முழுதும் போயிற்று. ஒவ்வொரு வெட்டிலும் அரை நிமிடம், ஒரு நிமிடம். ஒரே காட்சிக்குள் வெட்டியிருந்தால் உடனே தெரிந்துவிடும். வேறு இடத்துக்குப் போய்த் திரும்பினால் யாருக்கும் தெரியாது. தெருவில் நடப்பவன் கேன், நிலையத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள். இரண்டுக்கும் நடுவே காணாமல் போன நேரத்தை யாரிடம் போய்க் கேட்பது?

சும்மாபார்த்தவன்
பிப்ரவரி 5, காலை 8:15

அப்படியானால் கடைசி ஐந்து நிமிடம்? பன்னிரண்டு அடிக்கவே மாட்டேன் என்கிறதே.

கத்தரி
பிப்ரவரி 5, மதியம் 1:30

அதுதான் எதிர்த் திசை. முன்னே விழுங்கியதில் கொஞ்சத்தை அங்கே திருப்பிக் கொடுக்கிறார்கள்.

அந்தத் தொகுப்பைத் தனியாகப் பாருங்கள். கேன் மேசையில் உயில் எழுதுகிறான். ஊசலாடும் பெண்டுலம். தேவாலயத்தில் உட்கார்ந்திருப்பவர்கள். மதுக்கடை. நிலையத்து மூவர். வெறும் தண்டவாளம். ஹெலன், கேனின் பழைய காதலி. ஏமி, அவன் புது மனைவி. மறுபடி கேன். முகங்கள் வரவரக் கிட்டே வருகின்றன. கடைசியில் ஒரு காலி நாற்காலி, காமிரா அதை நோக்கி நகர்கிறது, ரயில் ஊதுகிறது.

அந்த நாற்காலி எதற்கென்று முதல் தடவை பார்ப்பவர்கள் குழம்புவார்கள். படத்தின் முன்பகுதியில் நீதிபதி ஊரை விட்டுக் கிளம்பும்போது அதைக் கேனிடம் காட்டிப் பேசுவார். ஃபிராங்க் மில்லர் தண்டனை கேட்ட நாற்காலி. "திரும்பி வந்து உன்னைக் கொல்வேன்" என்று அவன் சொன்னது அங்கே உட்கார்ந்துதான். வில்லனின் முகத்தைக் காட்டாமலே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டியவர்கள், அவன் வருகையையும் மரச்சாமானை வைத்தே அறிவிக்கிறார்கள்.

வெட்டுகள் இசையின் தட்டில் விழுகின்றன. சோதிக்க விரும்பினால் ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தி, ஒரு வெட்டிலிருந்து அடுத்த வெட்டு வரை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 60 தட்டு என்றால் தட்டுக்கு 24 ஃப்ரேம், 90 என்றால் 16. தட்டின் முழு மடங்காக வந்தால் இசைக்கு வெட்டியது என்று அர்த்தம்.

ரீல்பெட்டி
பிப்ரவரி 5, மதியம் 2:02

எண்ணப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பால் டிவிடியில் நேரம் தப்பாக வரும், ஃப்ரேம் எண்ணிக்கை சரியாக வரும். அமெரிக்க டிவிடியில் நேர்மாறு: நேரம் சரி, ஆனால் சில பிளேயர்கள் 4 ஃப்ரேமை 5 ஆக்கிக் காட்டும், இரட்டை உருவம் படிந்த ஃப்ரேம்கள் இடையில் வரும். அவற்றைக் கழித்துவிட்டு எண்ண வேண்டும். ப்ளூரேயில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

நேற்று எழுதியதிலும் ஒரு திருத்தம். பால் நேரத்தைச் சரியான நேரமாக்க 25/24, அதாவது 1.042-ஆல் பெருக்குங்கள். ப்ளூரேயோடு ஒப்பிடுவதானால் 1.043. ப்ளூரே 24-இல் ஓடவில்லை, 23.976-இல் ஓடுகிறது. முழுப் படத்துக்கும் 5 வினாடி வித்தியாசம். ஃபிராங்க் மில்லருக்கு 5 வினாடி கூடுதல் ஆயுள்.

வெள்ளைவானம்
பிப்ரவரி 6, இரவு 9:20

நேரத்தைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் தொங்குகிறீர்கள். வானத்தைப் பாருங்கள்.

இந்தப் படத்தில் வானம் கிடையாது. வெள்ளைக் காகிதம்தான் இருக்கிறது. அந்தக் காலத்துக் கௌபாய் படம் எதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: கரிய வானம், பஞ்சுப்பொதி மேகம், அடியில் குதிரை. அது லென்ஸுக்கு முன்னால் மாட்டும் வண்ணக் கண்ணாடியின் வேலை. கருப்பு வெள்ளை ஃபிலிம் நீல நிறத்தை மிஞ்சி வாங்கும். அதனால் வெறும் லென்ஸில் வானம் வெளிறிவிடும். மஞ்சள் ஃபில்டர் மாட்டினால் நீலம் கொஞ்சம் தடுக்கப்பட்டு வானம் சாம்பலாகும், விலை ஒரு ஸ்டாப் வெளிச்சம், அதாவது பாதி. சிவப்பு மாட்டினால் வானம் கருத்தே போகும், மூன்று ஸ்டாப் போகும்.

ஒளிப்பதிவாளர் ஃப்ளாய்ட் கிராஸ்பி எதையும் மாட்டவில்லை. இயக்குநர் ஃபிரெட் ஜின்னமானும் அவரும் வேண்டுமென்றே எடுத்த முடிவு அது. முன்மாதிரியாக வைத்துக்கொண்டது மேத்யூ பிரேடியின் அமெரிக்க உள்நாட்டுப் போர் புகைப்படங்கள். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. பிரேடி காலத்து ஈரக் கொலோடியன் கண்ணாடித் தட்டு நீலத்தையும் புற ஊதாவையும் மட்டுமே உணரும். அந்தப் படங்களில் வானம் வெளிறிக் கிடப்பது யார் ரசனையும் அல்ல, ரசாயனம். ரசாயனம் தந்த குறையை ரசனையாக எடுத்துக்கொண்டார்கள் கிராஸ்பியும் ஜின்னமானும்.

பலன் என்ன? கருப்பு அரைக்கோட்டு போட்ட நெட்டையான ஓர் ஆள், பின்னால் வெள்ளை. ஒளிய நிழல் இல்லை, ஆறுதலுக்கு மேகம் இல்லை. செய்திப்படம் பார்க்கிற மாதிரி.

கேரி கூப்பருக்கு அப்போது ஐம்பது வயது, வயிற்றுப்புண், முதுகுவலி. முகத்தை மெழுகும் ஒளியும் தரவில்லை, மென்மையாக்கும் கண்ணாடியும் மாட்டவில்லை. அந்தச் சுருக்கங்கள் நடிப்பில் பாதி. மீதிப் பாதி அவருடையது, ஆஸ்கரும் கொடுத்துவிட்டார்கள்.

சும்மாபார்த்தவன்
பிப்ரவரி 6, இரவு 9:48

அப்போ கலர் பதிப்பு?

வெள்ளைவானம்
பிப்ரவரி 6, இரவு 9:51

அதில் வானம் நீலம். மேலே எழுதியதை மறுபடி படிக்கவும்.

வெள்ளைவானம்
பிப்ரவரி 6, இரவு 10:30

கொஞ்சம் கடுகடுத்துவிட்டேன். கலர் பதிப்புதான் கையில் இருக்கிறது என்பவர்கள் டிவியில் நிறத்தை 0-க்கு இறக்கிவிட்டுப் பார்க்கலாம் என்று நினைப்பார்கள். பாதிதான் சரியாகும். நிறம் பூசும்போது தோல், துணி, மரம் என்று பகுதி பகுதியாகப் பிரித்து ஒளியளவையும் மாற்றியிருப்பார்கள். நிறத்தை எடுத்த பிறகும் முகங்களின் ஓரத்தில் அந்தப் பிரிவுகள் மங்கலாகத் தெரியும். மூலத்தைத் தேடிப் பிடிப்பதே மேல்.

ரீல்பெட்டி
பிப்ரவரி 7, காலை 6:50

டிவி அமைப்பு பற்றித் தனியஞ்சலில் இரண்டு பேர் கேட்டார்கள், இங்கேயே எழுதிவிடுகிறேன்.

படத்தின் அகல உயர விகிதம் 1.37. இன்றைய டிவி 1.78. ஆக இரண்டு பக்கமும் கருப்புப் பட்டை வரத்தான் வேண்டும். பட்டை பிடிக்கவில்லை என்று இழுத்துவிட்டால் எல்லோரும் 30 சதவீதம் அகலமாவார்கள், கூப்பர் பயில்வான் ஆகிவிடுவார். ஜூம் செய்தால் இன்னும் மோசம், மேலும் கீழுமாக உயரத்தில் 23 சதவீதம் போய்விடும். ஜின்னமான் தொப்பிக்கும் சட்டகத்தின் விளிம்புக்கும் நடுவே விட்ட வெள்ளை இடம் முழுதும் அதில் காலி.

அடுத்து மோஷன் ஸ்மூத்திங், டிவியே இடையில் ஃப்ரேம்களைச் செருகி அசைவை வழவழப்பாக்கும் வித்தை. ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பெயர் வைத்திருக்கும், எந்தப் பெயரில் இருந்தாலும் அணையுங்கள். நாய்ஸ் ரிடக்ஷனும் அப்படியே. இந்தப் படத்தின் துகள் திரையில் படிந்த அழுக்கு இல்லை, ஃபிலிமே அதுதான். துகளைத் துடைத்தால் கூப்பர் மெழுகுபொம்மை. ஷார்ப்னெஸை அடிமட்டத்துக்கு இறக்குங்கள். தொப்பி விளிம்பைச் சுற்றி வெள்ளைக் கோடு ஓடினால் இன்னும் அதிகமாக இருக்கிறது என்று பொருள். டைனமிக் கான்ட்ராஸ்ட் இருந்தால் வெள்ளை வானம் வரும்போதெல்லாம் முகம் இருட்டும், அதையும் அணைக்க வேண்டும். கலர் டெம்பரேச்சர் 'வார்ம்'. பலருக்கும் முதலில் மஞ்சளடித்த மாதிரி தெரியும். பத்து நிமிடத்தில் கண் பழகிவிடும். பழைய நிலைக்குத் திரும்பினால்தான் அது எவ்வளவு நீலம் என்று உறைக்கும்.

கத்தரி
பிப்ரவரி 7, காலை 9:10

ஜூம் விஷயத்தில் ஒரே ஒரு விதிவிலக்கு, சிரிப்புக்கு. அந்தப் புகழ்பெற்ற கிரேன் ஷாட்: நண்பர்கள் எல்லோரும் கைவிட்ட பிறகு கேன் தெரு நடுவில் நிற்கிறான், காமிரா மேலே மேலே ஏறுகிறது, அவன் எறும்பாகிறான். மேல் விளிம்பைக் கவனியுங்கள். கூரைகளுக்குப் பின்னால் தொலைபேசிக் கம்பங்களும் ஸ்டூடியோக் கட்டடங்களும் எட்டிப் பார்க்கும். தெரு இருப்பது பர்பாங்கில் உள்ள ஸ்டூடியோ வளாகத்தில். காமிரா அந்த உயரத்துக்கு ஏறினால் இருபதாம் நூற்றாண்டு உள்ளே வராமல் என்ன செய்யும்? ஜூம் போட்டால் கம்பங்கள் மறையும். ஆனால் தனிமையும் சேர்ந்து மறையும்.

வெள்ளைவானம்
பிப்ரவரி 7, மாலை 6:00

நிழல் கணக்கு ஒன்று போட்டுப் பார்த்தேன். படப்பிடிப்பு 1951 செப்டம்பர் 5-இல் தொடங்கி ஒரு மாதச் சொச்சம். பர்பாங்க் வடக்கே 34 டிகிரி. செப்டம்பர் பிற்பகுதியில் உச்சியில் சூரியன் சுமார் 56 டிகிரி உயரத்தில் நிற்கும். கூப்பர் 190 செ.மீ. உச்சி நேரத்து நிழல் 130 செ.மீ. அளவு, அதாவது ஆள் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு. அமெரிக்காவின் அந்தப் பகுதியில் நிழல் முழுதும் காலடியில் மறையும் மதியம் எந்த மாதத்திலும் கிடையாது. தலைக்கு நேர் மேலே சூரியன் வருவது நம் பக்கத்து அனுபவம். "உச்சிவெயில் படத்தில் நிழல் ஏன் நீளம்?" என்று குறை சொல்வதற்கு முன் இதைக் கணக்கில் வைக்கவும். நிழல் ஆளை விட நீளமாக விழும் ஷாட் இருந்தால் அது நிச்சயம் காலையிலோ பிற்பகலிலோ எடுத்தது.

ரீல்பெட்டி
பிப்ரவரி 7, இரவு 8:25

நல்ல கணக்கு. இன்னொரு குழப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு என்றால் யாருடைய பன்னிரண்டு? அமெரிக்க ரயில்வேக்கள் பொது நேரத்துக்கு மாறியது 1883 நவம்பர் 18-இல். அதற்கு முன் ஒவ்வோர் ஊருக்கும் தன் சூரியன், ஒவ்வொரு ரயில்வேக்கும் தன் கடிகாரம். படத்து ஊரான ஹாட்லிவில்லின் கதை அந்தத் தேதிக்கு முன் நடந்தால், கேன் அலுவலகச் சுவர்க் கடிகாரமும் நிலையக் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டிய அவசியமே இல்லை. மில்லர் சீக்கிரமோ தாமதமோ வந்திருக்கலாம். படத்தில் எல்லாக் கடிகாரமும் ஒரே பேச்சுப் பேசுவதுதான் உண்மையான கற்பனை.

ரயில் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சியெரா ரயில்வேயின் 3-ஆம் எண் எஞ்சின், 1891-இல் ரோஜர்ஸ் தொழிற்சாலை கட்டியது. முன்னால் நான்கு சிறு சக்கரம், நடுவே ஆறு பெரிய சக்கரம். ஹாலிவுட் அதிகம் வாடகைக்கு எடுத்த எஞ்சின்களில் ஒன்று. இன்றும் கலிஃபோர்னியாவின் ஜேம்ஸ்டவுனில் இருக்கிறது.

தண்டவாளம் நேராக அடிவானம் வரை ஓடும் அந்த ஷாட்டில், ரயில் முதலில் ஒரு புள்ளி. ஜின்னமானும் கிராஸ்பியும் தண்டவாளத்தின் மேலேயே காமிராவை வைத்துப் படுத்திருந்தார்கள். எஞ்சினிலிருந்து வெள்ளைப் புகை, பிறகு கரும்புகை. பிரமாதம் என்று ரசித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். பிரேக் பிடிக்கவில்லை என்பதற்கு எஞ்சின் ஓட்டுநர் கொடுத்த சைகைதான் அந்தக் கரும்புகை, அவர்களுக்குத் தெரியாது. எழுந்து ஓடும்போது முக்காலி தண்டவாளத்தில் மாட்டிக்கொண்டது. காமிரா தூள். உள்ளிருந்த ஃபிலிம் பிழைத்தது, அந்த ஷாட்தான் படத்தில் இருக்கிறது. ஜின்னமான் தன் நினைவுநூலில் சொன்னது இது.

சும்மாபார்த்தவன்
பிப்ரவரி 8, இரவு 10:40

கடைசிக் காட்சியில் கேன் பேட்ஜைக் கழற்றிப் போட்டு பூட்ஸ் காலால் மிதிக்கிறானே, அது ஊர் மீது கோபமா, சட்டத்தின் மீதா?

கத்தரி
பிப்ரவரி 8, இரவு 10:55

மிதிக்கவில்லை. மண்ணில் போடுகிறான், வண்டியில் ஏறுகிறான், போகிறான். மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

ஆனால் இந்தத் தப்பில் உங்களுக்குப் பெரிய துணை உண்டு. கௌபாய் பட நடிகர் ஜான் வெயின் 1971-இல் ஒரு பேட்டியில் இதே மிதியைச் சொல்லித்தான் படத்தைத் திட்டினார், அமெரிக்கத்தனமே இல்லாத படம் என்று. அதற்கு 18 ஆண்டு முன்பு, 1953 மார்ச் 19-இல், கூப்பர் ஊரில் இல்லாததால் இதே படத்துக்கான அவருடைய ஆஸ்கரை மேடையேறி வாங்கிக்கொண்டவரும் அதே வெயின்தான். இந்த வேஷம் தனக்கு ஏன் வரவில்லை என்று தன் ஏஜெண்டைக் கேட்கப்போவதாக அங்கே ஜோக் வேறு. 1959-இல் அவரும் இயக்குநர் ஹாவர்ட் ஹாக்ஸும் சேர்ந்து ரியோ பிராவோ எடுத்ததே பதில் சொல்லத்தான்: ஊராரிடம் கெஞ்சாத ஷெரீஃப், உதவிக்கு வருபவனையும் வேண்டாம் என்கிற ஷெரீஃப். இரண்டையும் அடுத்தடுத்த நாளில் பாருங்கள், ஒரே இரவில் வேண்டாம். இரண்டாவது 141 நிமிடம்.

ரீல்பெட்டி
பிப்ரவரி 9, காலை 7:15

வெயினின் கோபம் பேட்ஜோடு நிற்கவில்லை. திரைக்கதை எழுதிய கார்ல் ஃபோர்மன், படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே, 1951 செப்டம்பர் 24-இல், அமெரிக்க நாடாளுமன்றத்தின் கம்யூனிஸ்ட் வேட்டைக் குழுவின் முன் நிறுத்தப்பட்டார். மற்றவர்கள் பெயரைச் சொல்ல மறுத்தார். கூட்டாளிகள் ஒதுங்கினார்கள். எழுத்தாளர் என்ற பெயர் திரையில் நின்றது, இணைத் தயாரிப்பாளர் என்ற பெயர் போயிற்று. இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தார். கேன் கதவு கதவாகத் தட்டுகிற காட்சிகளில் எழுதியவரின் செப்டம்பர் மாதம் இருக்கிறது.

பிறகு அவர் கை வைத்த இன்னொரு படம் நம் பக்கத்தில் எடுத்தது: 1957-இன் குவாய் நதிப் பாலம், இலங்கையின் கித்துல்கலவில். அதிலும் ஃபோர்மன் பெயரையும் மைக்கேல் வில்சன் பெயரையும் போடவில்லை. திரைக்கதை ஆஸ்கர் மூல நாவலாசிரியர் பியர் பூலுக்குப் போனது. அந்த ஆஸ்கரை அகாதமி இருவர் பெயரிலும் கொடுத்தது இருவரும் இறந்த பிறகு.

வெள்ளைவானம்
பிப்ரவரி 9, காலை 8:00

அரசியல் என்றால் போலந்தையும் சேருங்கள். 1989 ஜூன் 4 தேர்தலுக்கு, கம்யூனிஸ்ட் அரசை எதிர்த்த தொழிற்சங்க இயக்கமான சாலிடாரிட்டி ஒட்டிய போஸ்டரில் கூப்பர் நடந்து வருகிறார். கையில் துப்பாக்கிக்குப் பதில் வாக்குச்சீட்டு, நட்சத்திரத்துக்கு மேலே சாலிடாரிட்டி பேட்ஜ். தாமஸ் சார்னெட்ஸ்கி செய்தது. ஒருவர் கம்யூனிச வாடை என்று திட்டிய படத்தை, கம்யூனிஸ்ட் அரசை வீட்டுக்கு அனுப்ப இன்னொருவர் சுவரில் ஒட்டினார். படம் யாருக்கும் வாடகைக்குப் போகும், அந்த எஞ்சின் மாதிரி.

கத்தரி
பிப்ரவரி 10, மதியம் 12:00

(நேரத்தைக் கவனிக்கவும். காத்திருந்து போட்டது.)

5-ஆம் தேதிக் குறிப்பில் ஒன்றை விட்டுவிட்டேன். இந்தப் படத்தில் முதலில் இன்னொரு கிளைக்கதை இருந்தது. டோபி என்ற இன்னொரு உதவி மார்ஷல், கைதியோடு ஊருக்கு வெளியே எங்கோ வந்துகொண்டிருக்கிறான், நேரத்துக்குள் வருவானா மாட்டானா என்று. எடுத்தார்கள், முழுக்கத் தூக்கிவிட்டார்கள். இருந்திருந்தால் நான் சொன்ன கடிகார வித்தை பாழாகியிருக்கும். ஊருக்கு வெளியே ஒரு ஷாட் போனாலும் "உதவி வருமோ" என்ற எண்ணம் வந்துவிடும். இப்போது ஊருக்கு வெளியே இருப்பது ஒன்றுதான், தண்டவாளம். அதிலிருந்து வருவது உதவி இல்லை.

கடிகாரங்களைச் சேர்த்து படத்தைக் காப்பாற்றியது தொகுப்பாளர் எல்மோ வில்லியம்ஸ்தான் என்று ஒரு கட்சி, எல்லாம் திரைக்கதையிலேயே இருந்தது என்று ஜின்னமானும் ஃபோர்மனும் இருக்கும் இன்னொரு கட்சி. தொகுப்பு ஆஸ்கர் வில்லியம்ஸுக்கும் ஹாரி கெர்ஸ்டாடுக்கும் வந்தது. என் கட்சி: நிலையத்து மூவரையும் தெருவில் நடக்கும் கேனையும் அப்படிப் பிரித்து எடுத்து வைக்காமல் இருந்திருந்தால், எந்தக் கத்தரியாலும் கால் மணி நேரத்தை விழுங்கியிருக்க முடியாது. ஆனால் டோபியைத் தூக்கியதற்கு வெட்டியவர்களுக்கும் ஒரு வணக்கம்.

ரீல்பெட்டி
பிப்ரவரி 10, இரவு 9:33

இசையை யாரும் தொடவில்லை, சுருக்கமாக. டிமித்ரி டியோம்கின் வயலினைக் கிட்டே சேர்க்கவில்லை. கனத்த தந்திகள், ஊதுகருவிகள், பியானோ. அதனால்தான் காதல் காட்சியில்கூட இசை தேனாக ஒழுகாது. ஒரே மெட்டு, டைட்டிலில் பாட்டாக, தெருவில் நடையாக, தொகுப்பில் இதயத் துடிப்பாக. பாட்டுக்கு ஓர் ஆஸ்கர், பின்னணிக்கு ஓர் ஆஸ்கர், இரண்டும் அவருக்கு. நெட் வாஷிங்டன் எழுதிய வரிகளைக் கேட்டால் டைட்டிலிலேயே முழுக் கதையும் சொல்லியாயிற்று. அப்படியும் 70 நிமிடம் நகத்தைக் கடிக்கிறோம்.

சப்டைட்டில் போட்டுப் பார்ப்பவர்களுக்கு: ஹெலனும் கேனும் பிரியும் காட்சியில் இரண்டு வரி ஸ்பானிய மொழியில் வரும். பல பிரதிகளில் "ஸ்பானிய மொழியில் பேசுகிறார்" என்று மட்டும் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அவள் சொல்வது: "உன்னைப் பார்த்து ஒரு வருஷம்." அவன் சொல்வது: "தெரியும்." அந்த இருவருக்குள் என்ன இருந்தது என்று படம் சொல்லும் இடமே அதுதான். சப்டைட்டில்காரர் அங்கே தூங்கிவிட்டார்.

சும்மாபார்த்தவன்
பிப்ரவரி 11, இரவு 11:20

பேட்ஜ் காட்சியை மூன்று தடவை ஓட்டியாயிற்று. மிதிக்கவில்லை. வெயினோடு நானும் வாபஸ்.

மறுபடி பார்த்ததில் இன்னொன்று. மில்லர் வருகிறான் என்று தெரிந்ததும் முடிதிருத்துபவர் பின்னறையில் இருக்கும் ஃபிரெட்டைக் கேட்கிறார், சவப்பெட்டி எத்தனை இருக்கிறது என்று. இரண்டு. எப்படிக் கணக்குப் போட்டாலும் குறைந்தது இன்னும் இரண்டு வேண்டும், வேலையைத் தொடங்கு என்கிறார். பின்னால் கேன் முகம் கழுவ அதே கடைக்கு வருகிறான், உள்ளே சுத்தியல் சத்தம், அவனைக் கண்டதும் நிற்கிறது. என்ன சத்தம் என்று அவனுக்குப் புரிந்துவிடுகிறது. கிளம்பும்போது, இனி வேலையைத் தொடரச் சொல் என்று சொல்லிவிட்டுப் போகிறான்.

இரண்டும் இரண்டும் நான்கு. கடைசியில் தெருவில் கிடப்பவர்களை எண்ணிப் பார்த்தேன்: பென் மில்லர், கோல்பி, பியர்ஸ், ஃபிராங்க் மில்லர்.

கத்தரி
பிப்ரவரி 11, இரவு 11:31

அந்த ஊரில் கணக்குச் சரியாகப் போட்ட ஒரே ஆள் அவர்தான். அளவெடுத்தது மட்டும் வேறு ஆளுக்கு.